எட்டு முடித்து ஒன்பதுக்குச் செல்லும் கடலோரப் பிள்ளைகள்: எப்போது, எப்படித் திட்டமிடுவது?

கேள்வி
பதிவிட்டவர்: நடுநிலைப்பள்ளி ஆசிரியை, திருவாடானை வட்டம்

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன்; எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நானே. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால், அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறி, வேறோர் ஊரின் உயர்நிலைப்பள்ளிக்கோ மேல்நிலைப்பள்ளிக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. எங்குமே சேராமல் நின்றுவிடும் பிள்ளைகள் இப்போது குறைவு. முறைப்படி சேர்ந்து, ஜூலை வரை சென்று, காலாண்டுத் தேர்வு முடிவதற்குள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறவர்களே என் கவலை.

ஆண்டு இறுதியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் தாய்மார்கள், அதை நெகிழி உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, அலுவலக அறையின் வாசற்படியில் நின்றபடி, "எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்தா நல்லது டீச்சர்?" என்று கேட்கிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்தவுடனேயே பேசி முடித்திருக்க வேண்டிய கேள்வி அது. அந்த நேரத்தில் பதில் சொல்ல நமக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. அதற்குள் பேருந்து, விடுதி, பயிற்றுமொழி, உதவித்தொகை ஆகிய அனைத்தையும் எப்படிச் சொல்லி முடிப்பது?

ஆகவே கேட்கிறேன். எட்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் என்னென்ன செய்ய வேண்டும்? சேரவிருக்கும் பள்ளியோடு முன்கூட்டியே பேசுவதும், பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தப் பள்ளியைக் காட்டுவதும் வழக்கத்தில் உண்டா? கடலோரப் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
ஓய்வுபெற்ற உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர், மண்டபம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எந்தப் பிள்ளைகளை அனுப்புகிறீர்களோ, அந்தப் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிர்வாக அமைப்பைப் பார்க்க வேண்டும். உங்கள் பள்ளி தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. உங்களைக் கண்காணிப்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலைப்பள்ளியோ பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. அதற்கு வேறு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். ஏப்ரல் முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெயர் உங்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. ஜூனில் சேரும் வரை வேறு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இந்த இடைவெளியில் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால், இரு தரப்பும் மற்றவரைத்தான் காட்டும். திட்டமிடுவது என்பது என் பார்வையில் இந்த இடைவெளியை ஒரு மனிதரின் பொறுப்பாக மாற்றுவதுதான். கடிதமும் படிவமும் அதற்குப் போதா. உங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர், சேரும் பள்ளியில் ஓர் ஆசிரியர், இருவரிடமும் ஒருவர் எண் மற்றவரிடம் இருக்க வேண்டும்.

அதற்கு எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளமே ஒரு கருவியாக இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பதிவை நாம் அதிலுள்ள காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிடுகிறோம். புதிய பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜூன் கடைசியிலும் ஒரு பெயர் பூலிலேயே நின்றால், அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை, அல்லது சேர்த்த பள்ளி இன்னும் பதிவேற்றவில்லை. எதுவாக இருந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். பலரும் பூலுக்கு அனுப்பியதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஜூன் 20 வாக்கில் ஒருமுறை திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது பணம். எட்டாம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான்கு இணைச் சீருடை விலையில்லாமல் கிடைக்கிறது; ஒன்பதாம் வகுப்பில் அது கிடையாது. விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. பாடநூல், நோட்டுப் புத்தகம், மதிய உணவு ஆகியவை தொடர்ந்தாலும், ஒன்பதும் பத்தும் குடும்பத்தின் கையிலிருந்து செலவழிய வேண்டிய ஆண்டுகள். அந்தச் செலவு வரும் மாதத்தையும் பாருங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். சேர்க்கை நடக்கும் நேரத்தில் படகு கரையில் நிற்கிறது. துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கக் கையில் காசு இல்லை. பிள்ளை முதல் வாரத்தில் பழைய பள்ளியின் சீருடையிலேயே போய் நிற்கிறது. வகுப்பில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. இதனால் பள்ளிக்கு வரக் கூச்சப்பட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. புதிய பள்ளியின் சீருடை நிறம் என்ன, துணி எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்பதைப் பிப்ரவரியிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். தடைக்காலம் தொடங்கும் முன் எடுத்துவிடுவார்கள். பழைய மாணவர்களிடமிருந்து நல்ல நிலையில் உள்ள சீருடைகளைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் திரட்டிக் கொடுப்பதும் நடக்கக்கூடிய காரியமே. ஆனால் அதைப் பிள்ளைகள் கூடியிருக்கும்போது கொடுக்காதீர்கள்.

தடைக்காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளி திறப்பதும் படகு இறங்குவதும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் நிகழ்கின்றன. இரண்டு மாதம் ஓய்ந்திருந்த கடலில் முதல் சில தங்கல்களில், அதாவது கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணங்களில், மீன்பாடு நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் எல்லாப் படகுக்கும் ஆள் தேவைப்படுகிறது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அந்த வாரம் போய்ப் பங்குப் பணம் வாங்கிவிட்டான் என்றால், பிறகு அவனை வகுப்பறையில் உட்கார வைப்பது கடினம். ஆகவே ஜூன் நடுப்பகுதியில் வருகைப் பதிவைக் கூர்ந்து பார்க்குமாறு சேரும் பள்ளி ஆசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பள்ளியைப் பார்க்க அழைத்துச் செல்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வழக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் தடையும் இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள், பிள்ளைகள் பின்னர் தினமும் ஏறவிருக்கும் அதே பேருந்தில், அதே நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள். தனி வண்டி பிடித்துப் போனால் பயனில் பாதி போய்விடும். அங்கே தலைமை ஆசிரியரின் உரையைக் கேட்க வைப்பதை விட, ஆய்வகத்துக்குள் விட்டு, வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் கையில் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே அளவீடுதான். ஜூனில் அந்தக் கருவியைப் பார்க்கும்போது, "இதை நான் தொட்டிருக்கிறேன்" என்ற நினைப்பு வந்தால் போதும். மதிய உணவை அங்கேயே சாப்பிடட்டும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்பதை ஆசிரியை ஒருவர் உடன் சென்று காட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளே சுற்றிக் காட்டட்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, எட்டு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த ஆண்டே பொதுத்தேர்வு என்பதால் எங்கள் தரப்பு ஆசிரியர்களும் கடுமையாக இருப்பார்கள். கணக்கில் கண மொழி, மெய்யெண்கள், இயற்கணிதம் என்று வரிசையாக வரும்போது, பின்னத்திலும் மிகை, குறை எண்களிலும் தடுமாறும் பிள்ளை முதல் மாதத்திலேயே பின்தங்கிவிடும். எட்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் புதிய பாடத்தை ஓட்டி முடிப்பதை விட, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத் தமிழைத் தடையின்றிப் படித்து, படித்ததைத் தன் சொற்களில் சொல்கிறதா என்று தனித்தனியே பார்ப்பது முக்கியம் என்பேன். அறிவியலும் சமூக அறிவியலும் புரியாமல் போவதற்கு வாசிப்புத் திணறலே பெரும்பாலும் காரணம். யாருக்கு எதில் தடுமாற்றம் என்று ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி வீதம் எழுதி, புதிய வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லாது.

பிரிவு உபசார விழாவில் நம் பக்கத்தில் எல்லோரும் கலாமைப் பற்றிப் பேசுவார்கள். அவர் தீவிலிருந்து இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளிக்குப் படிக்கச் சென்றதைச் சொல்லிவிட்டு நேராக ராக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே சென்றபோது வீட்டு நினைவு அவரை வாட்டியதையும், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இராமேசுவரத்துக்கு ஓடி வந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பகுதியைச் சொல்லுங்கள்.

மறுமொழி 2
ஒரு தாய், தங்கச்சிமடம்

ஐயா எழுதியதில் பணத்தைப் பற்றிய பகுதி முழுவதும் உண்மை. பெற்றோர் தரப்பிலிருந்து ஒன்றிரண்டைச் சேர்க்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளின் நடுப்பகலில் வைத்துவிட்டு, தந்தைமார்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறார்கள். எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குச் சென்று மறுநாள் திரும்புகின்றன. வெள்ளிக்கிழமை மாலையில் கூப்பிட்டால் ஆள் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்குத் தடைக்காலமும் இல்லை. அந்தந்த ஊரில் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். பாசி எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் கூப்பிட்டு ஒரு பயனும் இல்லை. ஏப்ரல் 15க்குப் பிறகு ஆண்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் அப்போது கடற்கரைக்கே வந்து பேசினால், பள்ளிக்கூடத்தில் பேசுவதை விடக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

என் மூத்த மகனைப் பற்றி அவன் அப்பா முதலில், "எட்டு படிச்சாச்சு, போதும்" என்றுதான் சொன்னார். அவனுடைய ஆசிரியர் வந்து கல்வியின் பெருமை எதையும் பேசவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் என்னென்ன தொழிற்பயிற்சிப் படிப்பில் சேரலாம், இல்லாவிட்டால் எதில் சேர முடியாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து இவரே சீருடைத் துணிக்கு என்ன விலை என்று கேட்டார். ஆண்களிடம் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுமொழி 3
வணிகர், கீழக்கரை

ஒன்பதாம் வகுப்பிலாவது பிள்ளையை இராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பாக இரண்டு ஆண்டுகள் கிடைக்கின்றன. பள்ளி வாகனம் வாசலுக்கே வருகிறது. பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் அந்த வாகனமே பாதிக் கவலையைத் தீர்த்துவிடுகிறது. வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் எங்கள் பகுதியில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். வசதி உள்ளவர்களுக்கும் அரசுப் பள்ளியைத்தான் பரிந்துரைப்பீர்களா?

மறுமொழி 4
அரசு மேல்நிலைப்பள்ளி முதுகலை ஆசிரியர், இராமநாதபுரம்

வணிகர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் மாற்றும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும். பெரும்பாலான பெற்றோருக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகே தெரியவருகிறது. அப்போது எதுவும் செய்வதற்கில்லை.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே அளவு முன்னுரிமை வந்தது. மீன்வளப் படிப்பும் அதில் இருப்பதைக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவதே இல்லை. இந்த ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்த ஆறு, ஏழு, எட்டு ஆகிய வகுப்புகளும் அதில் சேரும். எனவே உங்கள் பிள்ளை மூன்று ஆண்டுத் தகுதியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறது. ஒன்பதில் தனியார் பள்ளிக்குச் சென்றால் அந்த மூன்று ஆண்டும் வீணாகிவிடுகிறது; பதினொன்றில் திரும்பி வந்தாலும் அது மீளாது.

உயர்கல்வி பயிலும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே தொடர்ச்சியைத்தான் பார்க்கின்றன. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் கடற்கரையில் அரசு உதவிபெறும் பள்ளிகள் பல இருக்கின்றன. பெற்றோர் அவற்றையும் அரசுப் பள்ளி என்றே எண்ணுகிறார்கள். மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டுவிட்டன. 7.5 சதவீத ஒதுக்கீடோ அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது. ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் எட்டு முடித்த பிள்ளை, பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக உதவிபெறும் பள்ளியில் சேரும்போது இதையும் எடைபோட வேண்டும். நல்ல உதவிபெறும் பள்ளி அருகிலும், சுமாரான அரசுப் பள்ளி தொலைவிலும் இருந்தால், பிள்ளை மருத்துவம், பொறியியல் போன்ற படிப்பை நோக்கிப் போகக்கூடியதா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டேன்.

எட்டாம் வகுப்பிலேயே எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எந்தத் தகுதியுள்ள பிள்ளையும் தவறவிடக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள் எழுதலாம். தேர்ந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறனுக்கு 90 வினாக்கள், படிப்பறிவுக்கு 90 வினாக்கள். அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில் தொடர்ந்தால்தான் தொகை தொடரும். ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது, மறுமொழி 1இல் ஐயா சொன்ன சீருடைக்கும் பிற செலவுகளுக்கும் தாராளமாகப் போதும். மனத்திறன் பகுதிக்குத் தனிப் பயிற்சி இல்லாமல் பிள்ளைகள் தேறுவது கடினம். அதற்கு எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலிருந்தே வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும்.

பயிற்றுமொழியைப் பற்றி ஒரு வரி. எட்டு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளையை ஒன்பதில் திடீரென்று ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அறிவியல் கருத்தும் கடினம், மொழியும் கடினம் என்று இரட்டைச் சுமையாகிவிடுகிறது. அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்ததா என்று அதில் பார்க்கிறார்கள்.

மறுமொழி 5
கல்லூரி மாணவி, மண்டபம் ஒன்றியம்

நான் ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, மேல்நிலைப்பள்ளியில் ஒன்பதில் சேர்ந்தவள். இங்கே படிப்பு, பணம் எல்லாம் பேசிவிட்டீர்கள். எனக்கு அவற்றை விடப் பெரிதாக இருந்தது வேறொன்று. அந்தப் பள்ளி ஆறாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது; அங்குள்ள பிள்ளைகள் மூன்று ஆண்டுகளாக ஒன்றாகப் படித்தவர்கள். யார் எங்கே உட்காருவது, யார் யாரோடு சாப்பிடுவது என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. நாங்கள் எங்கள் பள்ளியில் பெரிய பிள்ளைகள். காலை வணக்கக் கூட்டத்தை நடத்தியவர்கள். அங்கே போனதும் கடைசி இருக்கை. எங்கள் ஊரிலிருந்து சென்ற நால்வரையும் நான்கு பிரிவுகளில் போட்டுவிட்டார்கள்; மதிய இடைவேளையில் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது ஒரே பிரிவில் போடச் சொல்லி, அனுப்பும் ஆசிரியர் கேட்டுக்கொண்டால், அது மிகப் பெரிய உதவி. எங்கள் வகுப்பில் நின்றுவிட்ட இரண்டு பிள்ளைகளும் தம் ஊரிலிருந்து தனியாக வந்தவர்கள்.

இன்னொன்று, பேருந்து. எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே வண்டி நிறைந்திருக்கும். சில நாள்களில் நிற்காமலே போய்விடும். அடுத்த வண்டியில் சென்றால் முதல் பாடவேளை முடிந்திருக்கும். தாமதத்துக்கு வாசலில் நிற்க வைப்பார்கள். எந்த ஊர்ப் பிள்ளை எந்தப் பேருந்தை நம்பி வருகிறது என்பது புதிய பள்ளிக்குத் தெரிந்திருந்தால், பாதித் தண்டனைகள் இருக்காது.

கேள்வி கேட்டவர் மீண்டும்
நடுநிலைப்பள்ளி ஆசிரியை, திருவாடானை வட்டம்

அனைவருக்கும் மிக்க நன்றி. பிரிவு ஒதுக்கீட்டைப் பற்றித் தங்கை எழுதியது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. எந்தச் சுற்றறிக்கையிலும் இது வராது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இப்போதே விடுமுறை நாள்களில் தந்தையோடு கடலுக்குச் செல்லும் பையன்கள் இருவர் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஜூனில் அவர்கள் தொடர்வார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மாணவியின் வீட்டில், தொலைவு அதிகம் என்பதால் அவளை நிறுத்திவிடுவதாகச் சொல்கிறார்கள். பெற்றோரை எதிர்த்துப் பேசினால், அடுத்த ஆண்டு அவளுடைய தங்கையையும் அனுப்பாமல் இருந்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி 6
ஓய்வுபெற்ற உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர், மண்டபம்

பையன்களைப் பொறுத்தவரை, சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் காப்பு 6 முதல் 14 வயது வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் எல்லா வேலைக்குமான தடையை 14 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஒரே வயதில் இரண்டு வேலிகளும் முடிகின்றன, அதே வயதில் நம் பள்ளியும் முடிகிறது. ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில் பெரிய பலன் இருக்காது. விடுமுறை நாளில் தந்தையோடு போவதைக் குற்றமாகப் பேசாதீர்கள். அந்தத் தொழிலைக் கற்பது அவர்கள் குடும்பத்துக்கு மதிப்பான விஷயம். "லீவு நாளில் போகட்டும், பள்ளி நாளில் வேண்டாம்" என்று தந்தையிடமே ஒரு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் கொடுத்த வாக்குக்கு இன்னமும் மரியாதை இருக்கிறது. ஜூன் நடுவில் அந்த இரண்டு பெயர்களையும் புதிய வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மாணவிக்கு, தொலைவுதான் உண்மையான காரணம் என்றால் விடுதி ஒரு வழி. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலம் ஆகிய துறைகளின் பள்ளி விடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. ஆனால் தொலைவு என்று சொல்லும் வீடுகளில் பல நேரம் வேறு காரணம் இருக்கும். தனியாகப் பேருந்தில் போவது, ஊரார் பேச்சு, சில வீடுகளில் திருமணப் பேச்சு. மூன்றாவது என்றால் நீங்கள் ஒருவராக அதைச் சுமக்க வேண்டியதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தால் உரியவர்கள் வருவார்கள், அழைத்தவர் யார் என்பதை வெளியிட மாட்டார்கள். முதல் இரண்டும் என்றால், அதே பேருந்தில் போகும் மூத்த மாணவி ஒருத்தியின் தாயைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். ஆசிரியை பத்து முறை சொல்வதை அந்தத் தாய் ஒருமுறை சொன்னால் போதும். தங்கையைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அக்காள் நின்ற வீட்டில் தங்கை தொடர்வது அரிது என்பதே நான் கண்டது.

மறுமொழி 7
பள்ளி அலுவலகப் பணியாளர், சாயல்குடி

சிறிய விஷயம், ஆனால் பிறகு அலைச்சல் மிகுதி. எட்டாம் வகுப்பிலேயே ஆதார் அட்டை, எமிஸ், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளையின் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸ் பதிவிலிருந்துதான் தயாராகிறது. உதவித்தொகை, ஆதார் இணைந்த கணக்கில்தான் விழும். பதினைந்து வயதில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், ஒன்பது, பத்து படிக்கும் காலத்தில் எப்படியும் ஒருமுறை ஆதார் மையத்துக்குப் போக வேண்டிவரும். பெயர்த் திருத்தத்தையும் அப்போது செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எங்கள் அலுவலகத்தில் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் வாரத்தில்தான் வந்து நிற்பார்கள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிட்டால், விடுதிச் சேர்க்கைக்கும் அதுவே உதவும். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் கூட்டம் அதிகமாக இருக்கும்.